மூன்று மில்லிமீட்டர் பலகையில் ஒரு ஸ்டேஷன்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. ஷீல்டு, வீட்டுப் பெயர்ப்பலகை, கல்யாண மேடையில் வைக்கும் எழுத்து என்று எதையும் லேசரில் வெட்டிக் கொடுப்போம். ஆர்டர் பிடிப்பதும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் வீட்டுக்காரர். கம்ப்யூட்டரும் மெஷினும் என் பொறுப்பு. ரயிலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மதுரைக்குப் போக வேண்டுமென்றால்கூட நான் பஸ்ஸில்தான் போவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம் கடை காலியாகக் கிடந்த ஒரு மத்தியானம் அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா. ஊரில் பாத்திர வியாபாரம் செய்கிறவர். ஒரு பழைய போட்டோவைக் கல்லாமேல் வைத்தார். பழனி லைன் மீட்டர்கேஜாக இருந்த காலத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்று. லைனை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்களாம்.

"இத மரத்துல வெட்டித் தர முடியுமாம்மா? எண்பத்தேழுல ஒரு பங்கு சைஸு."

"பொம்மைக்கா சார்?"

"பொம்மைன்னு சொல்லாதம்மா. மாடல். இதுக்குன்னே சங்கம் இருக்கு, வருஷா வருஷம் கண்காட்சி நடக்குது. பெங்களூர், கோயமுத்தூர்ல இருந்தெல்லாம் வாராங்க. இஞ்சினு, பெட்டி எல்லாம் கெடைக்குது. நம்ம ஊரு ஸ்டேஷன் மட்டும் ஒருத்தன்கிட்டயும் இல்ல."

அவருக்கு ரயில் பைத்தியம் இருந்தது, வரையத் தெரியாது. கட்டடத்துக்கு அளவும் கிடையாது. அந்த ஒரு போட்டோவும், மங்கலான இன்னும் இரண்டும்தான். பூச்சு இல்லாத செங்கல் சுவர். நான் போட்டோவைப் பெரிதாக்கி, பூதக்கண்ணாடி வைத்துச் செங்கல்களை எண்ணினேன். ஒரு செங்கல் இத்தனை அங்குலம் என்றால் சுவர் எத்தனை அடி, ஜன்னல் எத்தனை அடி என்று கணக்குப் போட்டேன். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலின் வளைவை மட்டும் பதினோரு தடவை மாற்றி வரைந்திருக்கிறேன். நான்கு மாதம் என் ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குத்தான் போயின. அவர் கேட்டது ஒரே ஒரு ஸ்டேஷன். நான் அதைப் பெட்டியில் போட்டு விற்கிற மாதிரி, பசையே இல்லாமல் யாரும் வீட்டில் கட்டிக்கொள்கிற மாதிரி செய்தேன். ஒரு சுவரின் ஓரத்தில் பல் இருக்கும், பக்கத்துச் சுவரில் துளை இருக்கும். வைத்து அழுத்தினால் 'டக்'கென்று உட்கார்ந்துகொள்ளும்.

முதல் ஸ்டேஷனைக் கட்டி அவர் கையில் கொடுத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கச்சி, நாம ரெண்டு பேரும் சேந்து இத வெளியிடுவோம். பெட்டியில ஒன் பேரும் போடுவோம்" என்றார். அன்றிலிருந்து நான் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன். அடுத்த வாரம் வரைபட ஃபைலைப் பென்டிரைவில் கேட்டார். ஒரு காப்பி தன்னிடமும் இருக்கட்டும் என்றார். கொடுத்தேன். எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணனிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

அந்த வருஷக் கண்காட்சி மதுரையில் நடந்தது. நானும் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஹால் முழுக்க நீளமான மேஜைகள். நிஜ இஞ்சின் மாதிரியே உறுமுகிற டீசல் இஞ்சின் ஒன்றைப் பெங்களூர்க்காரர் ஒருவர் புதிதாகக் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஸ்டேஷன் நடு மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கீழே அட்டையில் 'விரைவில் வெளியீடு' என்று போட்டு, 'வடிவமைப்பு' என்ற இடத்தில் அவர் பெயர். அவர் பெயர் மட்டும்.

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செங்கல்லை எண்ணி அளவெடுத்த கதையை, தான் எண்ணியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடி உட்பட. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே அவர்களிடம் கை காட்டினார்.

"இவங்க நம்ம ஊருல கட்டிங் போடுற அம்மா. கடை வச்சிருக்காங்க."

எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். நானும் சொன்னேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். நான் வணக்கம் சொன்ன கையோடு வெளியே வந்துவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் கொடைரோடு தாண்டியதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"இந்தாளு இதே மாதிரி நாலு பேருக்கு முன்னாடி நிக்கணும்."

"விட்டுத் தொலை. நமக்கென்ன ரயிலா ஓடப்போகுது?" என்றார் வீட்டுக்காரர்.

நான் விடவில்லை. வெட்டும்போதும் குளிக்கும்போதும் வெஞ்சனம் தாளிக்கும்போதும் அந்த 'கட்டிங் போடுற அம்மா' காதில் விழுந்துகொண்டே இருந்தது. பாத்திரக்காரர் எங்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அடுத்த கண்காட்சி நம் ஊரிலேயே, திருச்சி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் என்று தகவல் வந்தது. நான் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன். எனக்கென்று ஒரு லெவல் கிராஸிங் கேட்டும் காவலாளி அறையும் வரைய ஆரம்பித்தேன். ரெட்டியார்சத்திரம் பக்கம் போய், கேட்டருகே வண்டியை நிறுத்திப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். இந்தத் தடவை செங்கல்லை எண்ணும்போது மனசில் ஆசை இல்லை, வெறி இருந்தது. வேலை அதனால் இன்னும் சுத்தமாக வந்தது.

கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது மதுரையிலிருந்து போன். அங்கே லேசர் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன். மெஷின் பழுதானால் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.

"அக்கா, ஒரு ஸ்டேஷன் ஃபைல் வந்திருக்கு. பாத்தா நீங்க வரஞ்ச மாதிரியே இருக்கு. இருநூறு செட்டு வெட்டணும்ங்கிறாரு. என்கிட்ட சரியா மூணு எம்.எம். போர்டு இருக்கு. இதுல போடலாமா?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்று மில்லிமீட்டர் என்று விற்கும் பலகையெல்லாம் மூன்று இருப்பதில்லை. நான் வாங்குகிற பலகை இரண்டே முக்காலுக்கும் கொஞ்சம் குறைவு. துளைகளையெல்லாம் அந்த அளவுக்குத்தான் வைத்திருந்தேன். முழு மூன்று மில்லிமீட்டர் பலகையில் வெட்டினால் எந்தப் பல்லும் எந்தத் துளையிலும் நுழையாது. ஃபைலைத் திருத்த எனக்குப் பத்து நிமிஷம் போதும். "ஒண்ண வெட்டிக் கட்டிப் பாரு தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும்.

"கஸ்டமர் என்ன சொல்றாரோ அப்படியே வெட்டு தம்பி" என்றேன். "நம்ம ஃபைலு இல்ல அது."

போனை வைத்ததும், பள்ளிக்கூடத்தில் பரிசுக்குப் பெயர் வாசிக்கும்போது இருக்குமே, அப்படி இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே சங்கத் தலைவருக்குப் போன் செய்தேன். ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அய்யா, புதுசா வர்ற சாமானையெல்லாம் கண்ணாடிக்குள்ள வச்சா ஜனங்க பாத்துட்டுப் போயிருவாங்க. மேடையிலயே கட்டிக் காட்டச் சொன்னா செத்த நேரம் உக்காந்து பாப்பாங்கள்ல?"

"நல்ல யோசனைம்மா. செஞ்சிருவோம்" என்றார்.

மண்டபத்தில் மணமக்கள் உட்காரும் மேடையில்தான் மேஜை போட்டார்கள். மேஜைமேல் மைக். கீழே நூற்றைம்பது பேராவது இருந்திருப்பார்கள். பாத்திரக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். மேடையேறுவதற்கு முன் என்னைத் தாண்டித்தான் போனார். என்னைத் தெரியாதவர் மாதிரி.

சீல் வைத்த புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தார். தான் எப்படி இதை வடிவமைத்தேன் என்று பேசிக்கொண்டே இரண்டு சுவர்களை எடுத்துச் சேர்த்தார். சேரவில்லை. மைக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு மூலையில் முயன்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அழுத்தினார். 'பட்' என்று டிக்கெட் ஜன்னலின் வளைவில் சுவர் இரண்டாக உடைந்தது. மைக் அந்தச் சத்தத்தை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

"வேற பெட்டி பிரிங்க" என்றார் தலைவர்.

இரண்டாவது பெட்டியிலும் நுழையவில்லை. யாரோ அரம் வேண்டுமா என்று கேட்டார்கள். பின்வரிசையில் சிரிப்பு. "இதுல வடிவமைப்பு யாருங்க, பலகை எத்தனை எம்.எம்.முக்குப் போட்டது?" என்று கோயமுத்தூர்க்காரர் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். மேடையில் நின்றவருக்குப் பதில் தெரியவில்லை. செங்கல்லை எண்ணியவருக்குத் தன் பலகையின் கனம் தெரியவில்லை. சட்டையின் கக்கம் நனைந்து, காது மடல் சிவந்து நின்றார். ஒவ்வொன்றையும் நான் முன்வரிசையிலிருந்து பார்த்தேன். ஒரு தடவைகூடக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏழு நிமிஷத்தில் கேட்டையும் அறையையும் கட்டி, தலைகீழாகத் தூக்கிக் குலுக்கிக் காட்டினேன். ஒரு துண்டும் விழவில்லை. கைதட்டல் முடியும்வரை காத்திருந்து, "இதே முறையில ஒரு ஸ்டேஷனும் வரஞ்சு வச்சிருக்கேன். சரியான அளவுல அடுத்த மாசம் வரும்" என்றேன். தலைவர் என்னைப் பார்த்தார், உடைந்து கிடந்த சுவரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

சாப்பாட்டுப் பந்தி பக்கம் பாத்திரக்காரர் என்னைப் பிடித்தார்.

"மதுரைக்காரப் பய ஒன்கிட்ட கேட்டானாமே?"

"கேட்டான்."

"தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருந்தியா?"

"ஆமா."

"ஒன்னயத் தங்கச்சின்னு சொன்னேனே" என்றார். அந்த வார்த்தையை அவர் அப்போது எடுத்ததுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ஏதாவது சொல்லியிருப்பேன். வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு போன் போட்டுச் சொல்லிருக்கலாம்ல?" என்று வண்டியில் கேட்டார். "அம்புட்டுப் பேரு முன்னாடி... பாவமா இருந்துச்சு."

"எனக்கு இல்ல" என்றேன்.

பாத்திரக்காரர் விற்ற பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்தனவாம். நான் திருத்திய ஸ்டேஷன் எங்கள் கடைப் பெயரில் வெளிவந்து, சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேட்டு வாங்குகிறார்கள். அவரைப் பிறகு எந்தக் கண்காட்சியிலும் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு பிரியாணிக் கடையில் பார்த்தேன். மத்தியான நெரிசல். அவரும் அவர் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே இடம் காலியாக இருந்தது. வேறு இடமும் இருந்தது. நான் எதிரேதான் போய் உட்கார்ந்தேன். அவர் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். திரும்பி வரவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டார்.

அவர் மனைவிக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். என்னைக் கண்காட்சியில் பார்த்த ஞாபகம்.

"ஏனுங்க அக்கா, அந்த ரயில் கேட்டு செஞ்சது நீங்கதானுங்க? ரொம்ப நல்லாருந்துச்சுங்க. இவரு இப்பல்லாம் ரயிலத் தொடறதே இல்லீங்க. அத்தனையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டாரு. கேட்டா எரிஞ்சு விழுகறாரு. மேடையில செவுரு ஒடஞ்சதுக்கு மேல வேற என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

நல்ல பெண். உண்மையான கவலை முகத்தில் தெரிந்தது. சொல்ல நினைத்தால் முழுக்கச் சொல்லியிருக்கலாம், செங்கல் எண்ணியதிலிருந்து. வாசலில் அவர் எங்கள் பக்கம் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று அவர் முதுகு விறைத்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"தெரியாதும்மா" என்றேன்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். சப்ளையரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் தால்சா கேட்டேன். அவர்கள் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தேன்.