ஓடைப் பாலத்துக்கு அக்கா எழுதிய மனு

பாலம் திறந்த அன்றைக்கு ஓடைக்கரையில் இருந்தவர்கள்: எம்.எல்.ஏ., அவருடைய உதவியாளர், கவுன்சிலர், பாலம் கட்டிய இன்ஜினியர், ஒரு போலீஸ்காரர், மைக் செட்காரர், நாங்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரம்மா, லைன் வீட்டுப் பெண்கள் ஏழு பேர், கைக்குழந்தையோடு ஒரிசாக்காரப் பெண் ஒருத்தி, அப்புறம் நான்.

அத்தான் வரவில்லை. "அந்த எம்.எல்.ஏ. மூஞ்சியில முழிக்க எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டு, என் அக்காவின் புருஷன் ஷிப்டுக்குப் போய்விட்டார். நானும் பாலம் திறப்பதைப் பார்க்கப் போகவில்லை. அக்கா எழுதிய மனுவை எம்.எல்.ஏ. படித்தாரா இல்லையா என்று கேட்கத்தான் போனேன். படித்தும் சும்மா இருந்தார் என்றால் பழி அவருடையது. படிக்கவில்லை என்றால் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து வேலம்பாளையத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஓடைக்கு இந்தப் பக்கம், பனியன் கம்பெனி அந்தப் பக்கம். நடுவில் பழைய கரண்ட் கம்பம் இரண்டைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள், அதுதான் வழி. மெயின் ரோட்டில் சுற்றினால் அரை மணி நேரம் ஆகும். அக்கா துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் டைலர், நான் பேக்கிங். அவள் பத்தாவது வரை படித்தவள், நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். கம்பத்தின் மேல் நடக்கும்போது அக்காவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொள்வேன். "ஏட்டி, பயத்துல என்னைய இழுத்துத் தள்ளிராத" என்று சிரிப்பாள்.

ஆடி மாதம், பக்கத்துத் தெருவில் ரேஷன் கடை திறக்க எம்.எல்.ஏ. வருகிறார் என்று தெரிந்ததும் அக்கா உட்கார்ந்து மனு எழுதினாள். ஒரே பக்கம்தான். லைன் வீட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். அன்றைக்குப் பார்த்து ஷிப்மென்ட் அவசரம், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. என்னை அனுப்பினாள்.

"கையில குடு. ஓடைன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவ்வளவுதான். உன்னைய என்ன கடிச்சா திங்கப் போறாரு?"

வெறும் தாளை எப்படி நீட்டுவது என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கை வியர்த்து மை கலைந்துவிட்டால்? மழை தூறினால்? பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? இந்த ஊரில் எந்த விழாவுக்கு யார் வந்தாலும் கம்பெனிக்காரர்கள் பனியன்தான் கொடுப்பார்கள். நானும் காசு கொடுத்து ஒரு வெள்ளை பனியன் வாங்கினேன். தினமும் நூற்றுக்கணக்கில் மடிக்கிற கைதானே. அட்டை வைத்து மடித்து, அட்டைக்குப் பின்னால் மனுவை வைத்து, பாலிபேக்கில் போட்டு ஒட்டினேன். பழக்கத்தில் சைஸ் ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டேன். இனி நனையாது, கசங்காது என்று நிம்மதியாக இருந்தது.

விழாவில் எனக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள், எல்லோர் கையிலும் பனியன் பாக்கெட். "இத்தனையும் சேத்துனா எம்.எல்.ஏ. ஊட்டுலயே ஒரு ஷோரூம் போட்டுக்கலாமாட்ட இருக்குதுங்க" என்று வீட்டுச் சொந்தக்காரம்மா என் காதில் சொன்னார். என் முறை வந்தது. எம்.எல்.ஏ. பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, "நல்லா இரு கண்ணு" என்றார். ஓடை என்ற வார்த்தையைச் சொல்லாமலே நான் நகர்ந்துவிட்டேன். பாக்கெட் உதவியாளர் கைக்குப் போயிற்று.

சாயங்காலம் அக்கா கேட்டாள். "குடுத்தியா?"

"குடுத்தேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. நல்லா இருன்னாரு."

பனியனைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள் என்று பயம். அவள் லைன் வீடு முழுக்கப் போய்ச் சொன்னாள்: "மனு அவரு கைக்கே போயிட்டு. இனி யாரும் அலைய வேண்டாம்." கலெக்டருக்கு இன்னொரு மனு எழுதலாம் என்று ஒருத்தி சொன்னபோதும், "ஒரே விஷயத்துக்கு ரெண்டு பேர்ட்ட போனா அவரு கோவிச்சுக்கிடுவாரு, பொறு" என்றாள். எல்லோரும் பொறுத்தார்கள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மேற்கே நல்ல மழை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டதும், காய்ச்சலில் கிடக்கிறாளே என்று சுற்று வழியில் போகாமல் அக்கா கம்பத்தில் ஏறியிருக்கிறாள். பின்னால் வந்தவர்கள் சொன்னது அது. தண்ணீர் கம்பத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்ததாம். மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பாலம் சீக்கிரமே வந்துவிட்டது. திறப்பு விழாவில் எம்.எல்.ஏ. செய்த வேலைகளைப் போட்ட கலர் நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். குடிநீர்த் தொட்டி, ரேஷன் கடை, தெருவிளக்கு. கடைசிப் பக்கத்தில் எங்கள் பாலம். 'பெண் தொழிலாளி உயிரிழந்ததை அடுத்து உடனடி நடவடிக்கை' என்று இருந்தது. அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

எம்.எல்.ஏ. மைக்கில் பேசினார். குரல் கம்மியிருந்தது, நடிப்பு என்று சொல்ல மாட்டேன். "இந்த ஓடையப் பத்தி எனக்கு ஒரு மனுகூட வல்லீங்க. ஒருத்தராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அந்தப் பொண்ணு இன்னைக்கு இருந்திருக்குமுங்க."

லைன் வீட்டுப் பெண்கள் ஏழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இவ அவரு கையிலயே குடுத்தாளே, அந்தாளு பொய்யப் பாரு" என்று ஒருத்தி பல்லைக் கடித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எம்.எல்.ஏ. ரிப்பன் வெட்டப் போன நேரம் பார்த்து உதவியாளரிடம் போனேன்.

"ரேஷன் கடை விழாவுல வந்த பனியனெல்லாம் என்ன பண்ணுனீங்க?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "அதையெல்லாம் நாங்க பிரிக்கிறதே இல்லீங்க. அப்படியே முதியோர் இல்லத்துக்குக் குடுத்துருவோமுங்க. ஏனுங்க, ஏதாச்சும் மாறிப் போச்சுங்களா?"

"இல்லங்க" என்றேன்.

யாரோ ஒரு பெரியவர் அந்தப் பாக்கெட்டைப் பிரித்து, பனியனைப் போட்டுக்கொண்டு, அட்டையோடு அக்காவின் எழுத்தையும் குப்பையில் போட்டிருப்பார். அவர்மேல் என்ன குற்றம்? ஓடை என்று ஒரு வார்த்தை. அதைத்தான் சொல்லச் சொன்னாள்.

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. நோட்டீஸைப் பார்த்ததும் கிழித்தார். "மனுவ வாங்கி வச்சிக்கிட்டு, வரலைங்கானே. இவன்லாம் உருப்புடுவானா?" என்று சாப்பிடும்போதெல்லாம் திட்டுகிறார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதி முடித்ததும் அவர் கையில் கொடுக்க வேண்டும். எதிலும் வைத்து மடிக்காமல், வெறும் தாளாக.

நான் அந்தப் பாலத்தில் இதுவரை கால் வைக்கவில்லை. வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். எங்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம், அக்கா போனது வெள்ளிக்கிழமை. அவளுடைய கடைசி வாரக் கணக்கைக் கவரில் போட்டு வைத்திருப்பதாகக் கம்பெனியில் சொல்லி அனுப்புகிறார்கள். "நீ போய் வாங்கிட்டு வா, என்னால முடியாது" என்கிறார் அத்தான். போனால் அவள் பேருக்கு நேரே நான் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவுக்கு இன்னும் வர வேண்டியது, ஐந்து ஷிப்டுக்கு, இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.