மாப்பிள்ளை ஆராய்ந்த கரோனா

வான் ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில், ஏசி இரைச்சலுக்கு நடுவே மாப்பிள்ளைக்கு வேலை. இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று செத்துச் சுருங்கி நியூட்ரான் நட்சத்திரம் ஆகியிருக்கும். பக்கத்திலிருப்பதன் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றிக் கொதிக்கும் மூட்டத்துக்குக் கரோனா என்று பேர். வாயு மளமளவென்று விழுந்தால் மூட்டம் ஆறிச் சுருங்கும். வரத்து குறைந்தால் சூடேறி விரியும். செயற்கைக்கோள் பிடித்தனுப்பும் எக்ஸ்ரேயை வைத்து அந்த மாற்றத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு.

மாமியார் காதில் கரோனா மட்டும் விழுந்தது. ஊரெல்லாம் நோய் பரவிக்கிடந்த நேரம் வேறு. "எங்க மாப்பிள்ளை கரோனாவைத்தான் ஆராய்ச்சி பண்றாரு" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். அதுவரை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் அவரைக் கண்டதும் வணக்கம் வைத்தார்கள். திருத்தியிருக்கலாம். வாய் வந்தால்தானே! மனுஷருக்கு அந்த மரியாதை வெல்லமாக இனித்தது.

எதிர்வீட்டுத் தையல்காரரின் மனைவி ஒருநாள் வாசலில் தள்ளி நின்று கேட்டாள். "சார், அவருக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குது. இந்தக் கரோனா எப்படி மாறும்னு உங்களுக்குத்தானே தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அன்று காலை திரையில் பார்த்த நட்சத்திரம்தான் அவர் வாயில் வந்தது. "முதல்ல கொதிக்கும்மா. அப்புறம் தானா ஆறிச் சுருங்கிடும்."

தையல்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நுரையீரல் பாதி போய்விட்டது. மாடிப்படி ஏற முடியாது. சில மாதம் கழித்து அவர் மனைவி ஒரு பையோடு வந்தாள்.

"நீங்க தைரியம் சொன்னதாலதான் சார் பதறாம வீட்லயே வச்சிருந்தோம். ஏன் இவ்வளவு லேட்டுன்னு டாக்டர் திட்டினாரு. உங்களை விடவா அவருக்குத் தெரியும்?" பையிலிருந்து புதுச்சட்டையை எடுத்து நீட்டினாள்.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. "அம்மா, நான் பாக்கறது நோய் இல்லை. வானத்துல ஒரு நட்சத்திரம். அதைச் சுத்தி இருக்கறதுக்கும் கரோனான்னுதான் பேரு."

"அப்ப ஆறிடும்னு சொன்னது?"

"நட்சத்திரத்தை."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நீட்டிய சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திக்கித் திணறி அவர் கேட்ட மன்னிப்பு காதில் விழாதவளைப் போல அதை அழுத்தமாக அவர் கையில் வைத்தாள்.

"வச்சுக்கங்க. உங்க அளவுக்கு வெட்டினது, வேற யாருக்கும் ஆகாது. மூச்சு வாங்கிக்கிட்டே அவர்தான் வெட்டினாரு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தார். அளவெடுக்காமல் கண்பார்வையிலேயே தைத்த சட்டை, கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.