கடைவாய்ப் பல்லும் தாய்மாமன் சீரும்

பீளமேட்டு ஆபீசுல போன வருசம் ஒருத்தரு வந்து, சம்பளத்தை எப்படிப் பிரிக்கறதுன்னு வகுப்பு எடுத்தாரு. அத்தியாவசியச் செலவெல்லாம் போக நிக்கிறதுதான் நம்ம இஷ்டத்துக்குச் செலவு பண்ற காசாமா. அந்த ஞானம் வர எனக்கு நாப்பது வயசு ஆகிப்போச்சு.

அன்னிக்கே நானும் என்ர ஊட்டுக்காரியும் உக்காந்து எழுதினோம். ஊட்டு லோன், பையன் ஃபீஸ், மளிகை, பெட்ரோல். அக்கா மக பெரியவளாயிட்டா, அதனால தாய்மாமன் சீர். அதை எந்தப் பக்கம் எழுதறதுன்னு அவ யோசிக்கவே இல்லை. அத்தியாவசியத்துல, மளிகைக்கு மேல எழுதிப்போட்டா. பின்னே, அரிசி இல்லாட்டி ரெண்டு நாள் பட்டினி. சீர் கொறைஞ்சா ரெண்டு தலைமுறைக்குப் பேச்சு.

மிச்சம் நின்ன நாலாயிரத்துக்கு நேரா 'பல்லு'ன்னு எழுதினா. அவளுக்குக் கடைவாய்ப் பல்லு ஆறு மாசமா வலி. வேர் சிகிச்சை பண்ணிக் கேப் போட எட்டாயிரம் ஆகும், தள்ளிப்போட்டா பல்லு தங்காதுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. ரெண்டு மாச மிச்சம் போதும்.

சீர்த்தட்டு பதினொண்ணுன்னுதான் பேச்சு. அக்காவோட கொழுந்தனார் மகளுக்கு இருபத்தொண்ணு வந்துச்சாம். "நாம மட்டும் எளைச்சவங்களாங்க?"ன்னு இவளே கேட்டா. அதை நான் எப்படி ஒத்துக்குவேன்? பல்லுக் காசையும் போட்டு இருபத்தொண்ணு தூக்கிட்டுப் போனோம். அதுல மூணு தட்டு ஆப்பிள், ரெண்டு தட்டு சாக்லேட். மண்டபத்துல அத்தனை பேரும் தட்டை எண்ணினாங்க. இவ ஒரு பக்கமாவே மென்னு விருந்து சாப்பிட்டதை ஒருத்தரும் பாக்கலை, என்னையும் சேர்த்து.

அடுத்த மாச மிச்சம் ரெண்டு கிரகப்பிரவேச மொய்க்குப் போச்சு. அதுக்கடுத்த மாசம் கன்னம் வீங்கிருச்சு. டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு, "இனிக் காப்பாத்த முடியாதுங்க, எடுத்துரலாம்"னாங்க. எண்ணூறு ரூவா.

வெளிய வந்து பைக்கை எடுக்கறேன். வாயில பஞ்சோட, சந்தோசமாவே சொன்னா.

"ஏனுங்க, இந்த மாசம் மூவாயிரத்தி எரநூறு மிச்சம் நிக்குது. கருமத்தம்பட்டிக் கல்யாணத்துக்கு மொய் ஆச்சுங்க."

எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஆனா வாயில வந்தது என்னமோ, "அவங்க நமக்கு அஞ்சாயிரமில்ல வெச்சாங்க?"