மூடிய தெருவின் முதல் கட்டம்

பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் அவரைத் தெரியாது. கோட்டுக்காரர் என்றால் தெரியும். சாலையில் வெள்ளைக் கோடு போடுவது அவர் வேலை; நகரசபையில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறார். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் இரண்டு வருஷம் பெயின்ட் டின் தூக்கினார். கோடு போடுகிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார். அவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போன அன்று நூலை எடுத்து இவரே பிடித்தார். எண்களுக்கான தகர அச்சுகளைக்கூட வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரே வெட்டினார். எட்டு மட்டும் நாலு தடவை பிசகி, ஐந்தாவதில் சரியாக வந்தது.

காய்கறிச் சந்தையில் இடம் போதவில்லை என்று, ஒட்டியிருந்த தெருவைச் சனிக்கிழமை காலைகளில் மூடிவிட முடிவானது. ஆறு மணியிலிருந்து ஒரு மணிவரை வண்டிகள் வராது. தெருவின் ஒரு முனையில் சந்தை வாசல், மறுமுனையில் பஸ் நிறுத்தம். இடையில் ஒரு ஓரமாக முப்பத்தேழு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு விவசாயி. யாருக்கு எது என்று திங்கட்கிழமையே சீட்டுக் குலுக்கி எடுத்துவிட்டார்கள்.

அவருடைய அக்காவுக்கு மூன்று விழுந்தது. ஊருக்கு வெளியே கால் ஏக்கரில் கீரை போட்டு விற்பவர் அக்கா. சந்தைக்குள் இடம் கிடைக்காமல் பதினோரு வருஷமாக மதிலுக்கு வெளியே, போகிற வருகிற கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து விற்றவர். தண்ணீர் தெளிக்காவிட்டால் ஒன்பது மணிக்குள் கீரை தலை சாய்ந்துவிடும். தண்ணீர்க் குழாய் சந்தை வாசலில் இருக்கிறது. மூன்றாவது கட்டம் என்றால் குழாய் கைக்கெட்டும் தூரம். அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்து இரண்டு கட்டு முளைக்கீரையை வைத்துவிட்டுப் போனார். அக்காவுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

வியாழக்கிழமை கோட்டுக்காரர் கட்டங்களைப் போட்டார். நூல் பிடித்து, சுண்ணாம்புப் பொடி தட்டி, ஒவ்வொன்றும் ஆறடி. எண்களை அச்சில் வைத்து அடித்தார். ஒன்று முதல் முப்பத்தேழு வரை ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது. ஒன்று பஸ் நிறுத்தத்து முனையில் இருந்தது. முப்பத்தேழு சந்தை வாசலில் இருந்தது.

"என்னண்ணே, ஒண்ணு அங்க போய் நிக்குது?" என்றார் பூசணிக்காய் விற்பவர். "எனக்கு முப்பத்தஞ்சு விழுந்திச்சின்னு நாலு நாளா சோறு இறங்கலை. இப்பப் பார்த்தா வாசல்லயே இருக்கு. நீங்க நல்லா இருக்கணும்."

கோட்டுக்காரருக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமிருந்து எண்ணுவதுதான் சாலை வேலையில் வழக்கம். அது ஒருவழித் தெரு. வண்டிகள் பஸ் நிறுத்தத்து முனையில்தான் நுழையும். கை பழகியபடி அங்கேயே தொடங்கிவிட்டது. வண்டியே வராத நாளுக்காகப் போடுகிற கோடு இது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அக்கா மூன்று என்ற எண்ணின் மேல் நின்றுகொண்டு குழாய் இருக்கும் திசையைப் பார்த்தார். "மூணுன்னா குழாய்லருந்து மூணாவதுதானே? அப்படித்தானே சீட்டு எடுத்தோம்?"

"அப்படின்னு யாரும்மா சொன்னா?" என்றார் பூசணிக்காரர்.

"யாரும் சொல்லலை. சந்தைக்காகத்தானே தெருவை மூடறாங்க? அப்ப சந்தைலருந்துதானே ஆரம்பிக்கும்?"

"தெரு அங்கதானேம்மா ஆரம்பிக்குது. வீட்டு நம்பரைப் பாருங்க."

"வீட்டையா விக்கப்போறேன்?"

பூண்டு விற்கும் பெண்மணிக்கு மட்டும் கவலை இல்லை. "எனக்குப் பத்தொன்பது. எந்தப் பக்கத்திலருந்து எண்ணினாலும் பத்தொன்பதுதான். நீங்க பேசிட்டுச் சொல்லுங்க, நான் அதுக்குள்ள பூண்டைப் பிரிச்சு வைக்கிறேன்."

சூப்பர்வைசரைக் கூட்டிவந்தார்கள். அவர் வரைபடத்தை விரித்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். அதில் முப்பத்தேழு கட்டங்கள் இருந்தன, எண்கள் இல்லை. "ரோடு விஷயம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் கோட்டுக்காரரிடம். "எந்த முனைலருந்துன்னு நீங்களே சொல்லிடுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்."

சீட்டு எடுத்த அன்று எல்லோர் மனத்திலும் இருந்தது சந்தை வாசல்தான் என்று கோட்டுக்காரருக்குத் தெரியும். பூசணிக்காரருக்குச் சோறு இறங்காமல் போனதே அதற்குச் சாட்சி. எண்களை அழித்து மாற்றிப் போட அரை நாள் போதும். வாயைத் திறந்தார்.

"கீரைக்காரம்மா இவரு கூடப் பொறந்தவங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆமா, ஏன்?" என்றது பக்கத்திலிருந்து இன்னொரு குரல்.

"ஒண்ணுமில்லை. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

திறந்த வாயில் வேறு வார்த்தை வந்தது. "மறுபடி சீட்டுப் போட்டுடுங்க சார். இப்ப இருக்கிற நம்பருக்கே."

அங்கேயே ஒரு பிளாஸ்டிக் வாளியில் சீட்டைக் குலுக்கினார்கள். பூசணிக்காரருக்கு இரண்டு விழுந்தது. வாசலிலிருந்து ஆகக் கடைசிக்கு முந்தியது. அவர் சீட்டையும் கோட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அக்காவுக்குப் பதினொன்று. குழாயிலிருந்து இருபத்தேழாவது கட்டம்.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா வந்தார். "நீ நம்பரைத் திருப்பிப் போட்டதுக்கு எனக்குக் கோபமில்லை. பழக்கதோஷம். ஆனா தெரிஞ்சதைச் சொல்லாம முழுங்கினே பாரு. உன் பேரு கெடக் கூடாதுன்னு என் இடத்தைத் தூக்கிக் கொடுத்துட்டே."

"பொதுவா இருக்கட்டும்னுதான்க்கா."

"நான் அந்தப் பொதுவில சேர்த்தி இல்லையா?"

ராத்திரி சாப்பிடும்போது அதை யோசித்துப் பார்த்தார். அக்கா சொன்னதும் சரியாக இருந்தது, தான் செய்ததும் சரியாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் தப்பாகத் தெரிந்தன.

சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. எட்டரை மணிக்குக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து, தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். இருபத்தேழு கட்டம். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. சாக்கை மட்டும் விலக்கிக் குடத்துக்கு இடம் விட்டார். தம்பி கையால் அள்ளிக் கீரைமேல் தெளித்தார்.

பத்தாவது கட்டத்தில் புதினா விற்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய புதினாவும் வாடத் தொடங்கியிருந்தது. "அண்ணே, தண்ணி கூடப் பொறந்தவங்களுக்கு மட்டும்தானா?" என்றார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. அதற்கு அந்தப் பக்கமிருந்த கொத்துமல்லிக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

கோட்டுக்காரர் ஈரக் கையோடு நின்றார். குடத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. கீரையில் பாதிக்கு இன்னும் தெளிக்கவில்லை.

"என்னைப் பார்க்காதே" என்றார் அக்கா. "நேத்து என் இடத்தைக் கொடுத்தப்ப என்னைக் கேட்டியா? இதையும் நீயே முடிவு பண்ணிக்க."