வள்ளம் கடலுக்குப் போக ஒரு மரணச் சான்றிதழ்

மரணப் பதிவாளரின் மேசைக்கு யாரும் விரும்பி வருவதில்லை. வருகிறவரும் எதையாவது வீட்டில் மறந்துவிட்டுத்தான் வருவார். திருகோணமலைத் துறைமுகத்தடியில் அந்த மேசைக்குப் பின்னால் பல வருடங்கள் இருந்தவன் நான். மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையில், பாதி நிரப்பிய படிவத்தோடு, உங்களில் பலரும் ஒருநாள் இருந்திருப்பீர்கள். ஆகவே அந்தப் பாடு உங்களுக்கும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அடிக்கடி நினைவில் வருவது கிண்ணியாக் காசிமின் பதிவு.

எந்த ஊரில் பதிவது?

காசிம் மீன்பிடித் தொழில் செய்தவர். மாதக்கணக்காக நோயில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்வரச் சுகம் என்று, மனைவி சபியாவோடு திருகோணமலையில் மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். அங்கேயே இறந்துபோனார். அன்றே கிண்ணியாவுக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். அவருடைய வள்ளம் கரையில் நின்றுவிட்டது. அது அவர் பேரில் பதிந்த வள்ளம். சபியாவின் பேருக்கு மாற்றினால்தான் மறுபடி கடலுக்குப் போகலாம். மாற்றுவதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். அந்த வள்ளத்தையே நம்பியிருந்த சபியாவின் தம்பி நசீர்தான் அதற்காக அலைந்தார்.

முதலில் அவர் போனது கிண்ணியாப் பதிவாளரிடம். மரணம் எங்கே நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளர்தான் பதியவேண்டும் என்று அவர் என்னிடம் அனுப்பினார். மரணத்தை உறுதிப்படுத்த நசீர் கொண்டுவந்த கடிதமும் கிண்ணியாக் கிராம உத்தியோகத்தருடையது. மகள் வீடு இருக்கும் பிரிவின் உத்தியோகத்தரிடம் வேறொரு கடிதம் எடுக்கவேண்டும் என்றேன். நசீர் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

“மனுசன் பொறந்தது கிண்ணியா, கலியாணம் முடிச்சது கிண்ணியா, அடக்கினதும் கிண்ணியா. மௌத்தானதுக்கு மட்டும் திருகோணமலையா ஐயா?”

சட்டைப் பையில் போன அட்டை

சரியான கடிதம் வந்தது. “அடையாள அட்டை?” என்று கேட்டேன். நசீர் முழித்தார். காசிம் அதை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பாராம். மையித்தைக் குளிப்பாட்டிய கையோடு, அவருடைய உடுப்புகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் பையைத் தடவிப் பார்க்க அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நீங்களாவது பாருங்கள்.

எந்தச் சட்டை யாருக்குப் போனது என்று தேடி நசீர் தோப்பூர் வரை போனார். மூன்றாம் நாள், அங்கே சந்தையில் மூட்டை தூக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். நீலக் கோடு போட்ட சட்டை, வந்தவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அவர் பைக்குள் கையைவிட்டு, பொலித்தீனில் சுற்றிய அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஆரிட்ட குடுக்கிறதென்டு தெரியல்ல ஐயா. மூட்டையோட சேத்து இந்த மனுசனையும் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சன்.”

திரைக்கு அந்தப்புறம்

மரணத்தின்போது வீட்டில் இருந்த ஒருவர் தகவல் தந்து கையெழுத்திட வேண்டும். அன்றைக்கு வீட்டில் இருந்தது சபியா மட்டும். அவரோ கிண்ணியா வீட்டுக்குத் திரும்பி இத்தா இருக்கிறார்: கணவர் இறந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வரமாட்டார், அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார். அதுவரை பொறுத்தால் மீன் படுகிற காலம் முடிந்துவிடும். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன்.

பாலம் கட்டுமுன் வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக் கடத்தும் மிதவையில்தான் போவோம். அது அக்கரை சேருவதற்குள், இறந்தவருடைய முழுக் கதையையும் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள். இப்போது பஸ் ஒரு நொடியில் பாலத்தைத் தாண்டிவிட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

விறாந்தையில் எனக்குக் கதிரை போட்டார்கள். வாசல் திரைக்குப் பின்னாலிருந்து சபியா பதில் சொன்னார். தகப்பன் பேர், பிறந்த ஊர், வயது எல்லாம் தடையில்லாமல் வந்தன. இறந்த நேரத்தைக் கேட்டேன். “அஸருக்குப் பாங்கு சொன்ன கையோட தொழுறதுக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனன். வந்து பாத்தா மூச்சில்ல.” அஸர் என்னும் பின்னேரத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தைக் கொண்டு மணியைக் கணித்து எழுதினேன். பிறகு மெல்லக் கேட்டார்: “நான் பக்கத்தில இல்லையென்டு அதில எழுதுவீங்களா?”

“அப்படி ஒரு கட்டம் இதில் இல்லையம்மா.”

நசீர் படிவத்தை உள்ளே கொண்டுபோய்க் கையெழுத்தோடு திரும்பினார். பின்னாலேயே சபியாவின் குரல் வந்தது.

“அப்ப இது நல்ல கடதாசிதான்.”

புது முதலாளி

சான்றிதழ் கொடுத்தபோது பிரதிகள் சிலவற்றைச் சேர்த்து எடுக்கச் சொன்னேன். ஒன்றோடு போகிறவர் கட்டாயம் திரும்பி வருவார். ஒவ்வொரு அலுவலகமும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். நசீர் சொன்னபடி எடுத்தார்.

சில கிழமைகள் கழித்து மீன்கடைத் தெருவில் கண்டேன். “வள்ளம் இறங்கிவிட்டதா?” என்றேன்.

“ஓம் ஐயா. சபியா ராத்தா பேரில பதிஞ்சாச்சு. வீட்டுக்குள்ள இருந்துதான் வள்ளம் ஓட்டுறா. இன்டைக்கு வலையை எங்க போட்ட, ஏன் அங்க போட்ட என்டு ஒரே கேள்வி. மச்சான்ட காலத்தில நான் இவ்வளவு ஏச்சு வாங்கல்ல!”

இறந்தவர்களுக்காகத்தான் நான் அந்த மரணப் பதிவுப் புத்தகத்தை எழுதினேன் என்று நினைத்திருந்தேன், ஆனால் அதனால் ஏச்சு வாங்கியதெல்லாம் உயிரோடு இருந்தவர்கள்தான்.