காப்புக்குள் மாட்டிய கம்பெனி

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கம். ஊருக்குள் ஃபைபர் கேபிள் வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சென்னை வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். லேப்டாப் வைத்திருப்பவனுக்கு ஊரையே தூக்கி நிறுத்தும் தகுதி தானாக வந்துவிடும் என்று அப்போது நம்பினேன். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம்கூட நெட் வேகத்தை அளந்து காட்டாமல் விட்டதில்லை.

உண்மையான பதற்றம் தங்கையை நினைத்துத்தான். மாப்பிள்ளை சிங்கப்பூரில். அவளுக்குச் சென்னையில் ஒரு வேலை கிடைத்திருந்தது, ஒன்றாம் தேதி சேர வேண்டும். போனால் கைப்பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் படித்த கம்ப்யூட்டர் படிப்பு அடுப்படியோடு முடிந்தது. பக்கத்தில் ஒரு வேலை இருந்தால் போதும் என்றாள். நான் ஒரு கம்பெனியையே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் எப்போதும் நெட்டைவிட வேகம்.

திருச்சியில் ஒரு தம்பதி சின்னக் கம்பெனி நடத்தினார்கள். கடைக்காரர்களின் சரக்கைப் படம் பிடித்து, விவரம் எழுதி, இணையத்தில் விற்பனைக்கு ஏற்றிக் கொடுக்கும் வேலை. அங்கே வாடகை கட்டுபடியாகவில்லை என்று கேள்விப்பட்டதும், எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த விதைக் கிடங்கைப் போனில் அரண்மனையாக வர்ணித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார்கள். சரி என்றேன். அன்று அம்மன் கோயில் காப்புக்கட்டு என்பது ஊரில் ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும். எனக்கு நினைவில் இல்லை.

அன்று காலையிலிருந்து நான் ரோட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்ததைப் பார்த்து டீக்கடைக்காரர், பெண் பார்க்க வருகிறார்களா என்று கேட்டார். வந்தார்கள். கிடங்கில் கணவர் நெட்டைச் சோதித்தார், அந்தம்மா சுவரைத் தட்டிப் பார்த்தார். பிடி கொடுத்துப் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் பேசினால் மசிந்துவிடுவார்கள் என்று கண்மாய்க்கரைக்குக் கூட்டிப் போனேன். அங்கே நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே பொழுது இறங்கி, கோயிலில் கொட்டுச் சத்தம் கேட்டது. பூசாரி காப்புக் கட்டிவிட்டார்.

காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள், திருவிழா முடியும்வரை இரவில் வெளியூரில் தங்கக் கூடாது. காரை எடுக்கப் போனவர்களைக் கோயில் காரியம் பார்க்கும் பெரியப்பா மறித்தார்.

"விருந்தாளியா இருந்தாலும் காப்பு காப்புதாங்க. பகல்ல எங்கிட்டு வேணாலும் போய்ட்டு வாங்க. ராத்திரி படுக்க மட்டும் இங்கிட்டு வந்துருங்க."

அந்தக் கணவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

லேப்டாப்தான் இருக்கிறதே, இங்கேயே வேலையைப் பார்ப்போம் என்று அந்தம்மாதான் முடிவெடுத்தார். எங்கள் வீட்டு மாடியில் தங்கினார்கள். என் சந்தோஷம் விடிகிறவரை நீடித்தது. விடிந்ததும் எதிர்மரத்துக் குழாய் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தது. கடைக்காரர்கள் போன் செய்தால் அவர்களுக்கு அம்மன் பாட்டு மட்டும்தான் கேட்டது. நான் மைக்செட்காரரிடம் ஓடி, கம்பெனிக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்றேன். அவர் வந்தவர்களுக்கு மரியாதையாகச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். வீட்டுக்கும் மரத்துக்குமாக அலைந்ததில் என் செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

தங்கை யாரிடமும் ஓடவில்லை. அந்தம்மாவிடம் கேட்டுக்கொண்டு, கடைக்காரர்களுக்கெல்லாம் போனில் கூப்பிடாமல் எழுதி அனுப்பச் சொல்லிச் செய்தி போட்டாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, தேங்கிக் கிடந்த படங்களைத் திருத்தி ஏற்றினாள். திருவிழா முடிவதற்குள் அந்தம்மா அவளிடம் யோசனை கேட்க ஆரம்பித்திருந்தார். நான் டீ கொண்டுபோகும் சாக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டீயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

காப்பு அவிழ்த்த மறுநாள் அவர்கள் கிளம்பும்போது, கிடங்கை எடுத்துக்கொள்கிறீர்களா என்று பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அந்தம்மா என்னைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தார்.

"கிடங்க எடுத்துக்கிறோம். ஆனா ஆபீஸ நீதான் பாத்துக்கணும்."

"பாத்துக்கிறேன் மேடம். ஒரே ஒரு கண்டிஷன். எங்கண்ணன் உள்ள வரக் கூடாது. வந்தா பேசிப் பேசியே யாரையும் வேல பாக்க விடாது."

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் சம்மதித்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் சம்மதித்து நான் பார்த்ததில்லை.

கார் போனதும் தங்கை பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போன் செய்து, தான் வரவில்லை என்று சொன்னாள். அவள் பேசி முடிக்கும்வரை ஓரிடத்தில் நின்றேன். அப்புறம் கிடங்குக்கு வெள்ளையடிக்க ஆள் தேடி ஓடினேன். வெளிவேலைக்குத் தடை இல்லையே.