புது உப்புப் பரணி

பிஞ்சைப் பறித்தால் கையை ஒடிப்பேன் என்று சொல்லும் அம்மா, அன்றைக்குத் தன் கையாலேயே பிஞ்சுகளைப் பறித்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் நின்ற சீனியவரை, பாகல், மிளகாய் ஒன்றும் தப்பவில்லை. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று தெருவே கூடிப் பேசியபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

அப்பா அந்தக் கொழும்புக்குத்தான் போயிருந்தார். தூத்துக்குடியிலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணியில் அவருக்கு வேலை. போனவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அடுத்த குண்டு நம் துறைமுகத்துக்குத்தான் என்று சொல்லித் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு போனார்கள். "ஒங்கப்பா வந்து பூட்டின வீட்டையா பாக்கணும்?" என்று அம்மா மட்டும் அசையவில்லை. நான்தான் சாப்பிடாமல் கிடந்து, "போவோம்மா, போவோம்மா" என்று மூன்று நாள் அழுது அவளைக் கிளப்பினேன். எனக்குப் பத்து வயது. பயம் வந்தால் பிடிவாதமும் கூடவே வந்துவிடும்.

சாத்தான்குளத்தில் மாமா வீடு. அங்கே கொண்டுபோக ஒரு பரணி ஊறுகாய், அப்பா வந்தால் சாப்பிட வீட்டில் ஒரு பரணி என்று அம்மா உப்புப் போட உட்கார்ந்தாள். காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காய் ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு என்று அமுக்கி வைத்தாள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது; காய் விடுகிற நீரே போதும். முதல் பரணி நிறைந்ததும் பழைய உப்பு தீர்ந்துபோனது. உப்பளத்தில் அப்போதுதான் வாரிய உப்பே கிடைத்தது. வருஷம் ஒன்று கிடந்து நீர் வடியாத புது உப்பு கசக்கும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதையே போட்டு அப்பாவின் பரணியை நிரப்பினாள்.

பரணி வாயில் துணி கட்டி, பூச்சரத்துக்குப் போடுவதுபோலச் சின்ன முடிச்சாகப் போட்டாள். அப்பா என்றால் கொடிக்கயிற்றுக்கும் தோணி முடிச்சுதான் போடுவார்; பல்லால் இழுத்தாலும் அவிழாது. "துணி காயப்போடக் கட்டுனாவளா, தோணிய நிறுத்தக் கட்டுனாவளா?" என்று அம்மா கேலி செய்வாள்.

சாவியை அவருக்குத் தெரிந்த இடத்தில், கிணற்றடிக் கல்லுக்குக் கீழே வைத்தோம். மாமா வீட்டில் இருக்கிறோம் என்று அடுக்களைச் சுவரில் கரியால் எழுதினேன். வண்டி கிளம்பியபோது தெருவில் ஒரு வீட்டிலும் புகை இல்லை.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பினோம். அம்மா நேரே அடுக்களைக்குப் போனாள். பரணி வாயில் தோணி முடிச்சு இருந்தது. தூக்கிப் பார்த்தாள், பாதிக் கனம்தான்.

"ஏளா, ஒங்கப்பா வந்திருக்காவ! உசுரோட வந்திருக்காவ!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கசந்திருக்குமே... எப்படித்தான் தின்னாவளோ" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

அப்போதே இருவரும் துறைமுகத்துக்கு ஓடினோம். சரக்கு ஏற்றுகிற இடத்தில் அப்பாவைத் தெரிந்த ஒரு அண்ணாச்சி இருந்தார். அம்மாவைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க போன நாலாம் நாளே வந்துட்டாவம்மா. மறுநாளே, தோணில தின்ன வீட்டு ஊறுகாய்ல பாதிய எடுத்துக்கிட்டு வந்தாவ, திரும்பவும் பாய் ஏத்தியாச்சு. சாத்தான்குளம் போய்ட்டு வர நேரமில்லன்னு வருத்தப்பட்டாவ. அந்தத் தோணி அங்கனயும் போய்ச் சேரல, இங்கனயும் வரல."

அன்றையிலிருந்து அம்மா அந்தப் பரணியைத் துடைப்பாள், திறக்கமாட்டாள். கொல்லையில் ஒன்றும் இல்லை. வெறுங்கஞ்சி குடித்துச் சலித்துப்போய், ஒரு மத்தியானம் நான் அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன். பின்னால் வந்த அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். போவோம் போவோம் என்று அழுததற்கு, சாகிற வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.